சேச்சியின் கிணறும் எங்கள் குழியும்

சாலைக் கடைத்தெருவில் பிளம்பிங் சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். குழாய், எல்போ, டீ, வால்வு, தொட்டி, மூடி என்று வீடுகளின் வயிற்றுக்குள் போகிற எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. படிப்பு பெரிதாகக் கிடையாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் மலையாளம் படித்தேன், தொழிலும் படித்தேன். ஒழுகுகிற இணைப்புக்கு ஒரு பிளம்பர் 'மூக்கொழுகி' என்று பெயர் வைத்திருக்கிறார். அடைத்துக்கொண்ட குழாய் இன்னொருவருக்கு 'ஊமைச்சி'. இப்படி யாராவது ஒன்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதை வைத்தே எனக்குப் பொழுது போய்விடும். இத்தனை கேட்டும் என்ன, சொந்த வீட்டு மலக்குழியை எங்கே தோண்டுவது என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் அலைந்தேன்.

இடம் நெடுமங்காட்டுக்கும் அப்பால், கல்லாறு போகிற வழியில். பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஏற வேண்டும். கரமனைப் பக்கம் வாடகை வீடுகளிலேயே காலம் ஓடிவிட்டது, இனியாவது சொந்தக் கூரை வேண்டும் என்று பிடித்த இடம். கழக்கூட்டத்தில் ஃப்ளாட்டில் இருக்கிற மகள் முதல் நாளே சொன்னாள். "அப்பா, இங்க குழாயைத் திறந்தா தண்ணி வருது, மூடினா நிக்குது. எதுக்கு இந்தப் பாடு?" அவள் சொன்னது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. மனைவி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் போட்டு வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். வாடகை வீட்டிலும் மேல்வீட்டுக்காரர் மோட்டார் போட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதனால் அவளுக்கு வீடுகூட இரண்டாவதுதான். "ஏங்க, எனக்குன்னு ஒரு கிணறு. யாரையும் கேக்காம வாளியப் போடணும்" என்பாள்.

இடத்தின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே பஞ்சாயத்து ரோடு. அங்கிருந்து நிலம் தென்மேற்காகச் சரிகிறது. கிழக்கே ஒரு பெரிய வீடு, வளைகுடாவில் இருப்பவருடையது, எப்போதும் பூட்டிக் கிடக்கும். தெற்கே ரப்பர் தோட்டம். மேற்கே ஒரு ஓட்டு வீடும் ஒரு மாட்டுத் தொழுவமும். அங்கே இருப்பவர் விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போய், வந்து பால் கறந்து ஊற்றிப் பிழைக்கிற ஒரு அம்மாள். கணவர் இல்லை. என் மனைவி அவரைச் சேச்சி என்று கூப்பிட, அவர் என் மனைவியைச் சேச்சி என்று கூப்பிட, இருவரில் யார் அக்கா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

சேச்சியின் கிணறு எங்கள் எல்லைக்கல்லுக்கு மிக அருகில், அவரது வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வெட்டுக்கல் என்கிற செம்பாறைப் பிடிமானமுள்ள, ஆழமான வட்டக் கிணறு. பங்குனி, சித்திரையில் அந்த வரிசையில் மற்ற கிணறுகள் எல்லாம் சேறாகும்போது இதில் மட்டும் தண்ணீர் நிற்குமாம். பக்கத்து வீடுகள் குடத்தோடு வருவது இங்கேதான். மாட்டுக்கும் இதே தண்ணீர், பால் பாத்திரம் கழுவவும் இதே தண்ணீர். நாங்கள் வேலை தொடங்கிய அன்று சேச்சி தானாகவே வந்து சொன்னார். "வெள்ளம் எடுத்தோளூ அண்ணா. கேட்டிட்டு எடுத்தா மதி. சடார்னு கயிறு விழுந்தா கிணறு பேடிக்கும்." தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டு எடுத்தால் போதும், இல்லையென்றால் கிணறு பயந்துவிடும் என்கிறார். கிணறு பயப்படுமா! அந்தப் பேச்சை நான் கடையில் எத்தனை பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

எங்கள் மேஸ்திரி நாங்குநேரிக்காரர். ஆள் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் வாய்தான் முதலில் வேலை செய்யும். முதலில் கிணற்றுக்கு இடம் குறிப்போம் என்று வடகிழக்கு மூலைக்குப் போனோம். ஈசான மூலை, தண்ணீருக்கு உகந்தது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மனைவி மஞ்சள் குங்குமம்கூடக் கொண்டு வந்திருந்தாள். மேஸ்திரி எதற்கோ கிழக்கு மதிலின் மேல் ஏறிப் பார்த்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இங்க ஏறி வாங்க."

"என்ன?"

"வந்து பாருங்களேன். மைனி வர வேண்டாம்."

மைனி என்று அவர் கூப்பிடுவது என் மனைவியை. வர வேண்டாம் என்றால் முதலில் போவது அவள்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், மதிலை ஒட்டியே, வட்டமாக ஒரு சிமெண்ட் மூடி. அதன் நடுவில் காற்றுக்குழாய். வளைகுடாக்காரரின் மலக்குழி. அது அவருக்கு வடமேற்கு மூலை. வாயு மூலை என்பார்கள், குழி வைக்க அதுதான் தோதென்று வாஸ்து பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் மூலை. அவர் தம் இடத்துக்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அவருடைய வாயு மூலையும் எங்கள் ஈசான மூலையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

"அடுத்தவன் கிணறு வெட்டுத எடத்துல கொண்டு போயி வச்சிருக்கானே, இவன்லாம் மனுஷனா?" என்றாள் மனைவி. அன்று அவள் திட்டிய திட்டுக்கு அந்த மனிதருக்கு வளைகுடாவில் விக்கல் எடுத்திருக்கும். மஞ்சளையும் குங்குமத்தையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். இடம் சின்னது. அந்த மூலையை விட்டால் கிணற்றுக்கு வேறு இடம் வீட்டின் நடுக்கூடம்தான். கிணறு இல்லை என்று அன்றைக்கே ஆகிவிட்டது. பஞ்சாயத்துக் குழாயை நம்பி இருக்க வேண்டியதுதான், அதுவோ பாதி நாள் தண்ணீருக்குப் பதில் பெருமூச்சு விடுகிற குழாய்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் தோண்டித் துருவவில்லை. இருவருக்கும் களைப்பு. அதுவும் தொடக்கத்திலேயே வந்த களைப்பு.

அடுத்த வாரம் எங்கள் குழிக்கு இடம் குறிக்கும் நாள். வரைபடத்தில் அதுவும் வடமேற்கு மூலையில்தான் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி வரைய வைத்தது என் மைத்துனர். மனைவியின் ஒரே தம்பி, களியக்காவிளைப் பக்கம் வீடு. அவர் வீட்டுக் குழி தென்மேற்கில், கன்னிமூலையில் இருந்தது. குடியேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவர் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். என் மனைவிக்கு அவள் தம்பி மனைவி மட்டுமல்ல, கூடப்பிறக்காத தங்கை. இருவரும் போனில் பேச ஆரம்பித்தால் எனக்குச் சோறு கிடைக்காது. அவள் போன பிறகுதான் யாரோ அந்தக் குழியைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர் குழியை மணல் போட்டு மூடி வேறிடத்தில் தோண்டினார். அதன்பின் யார் வீடு கட்டினாலும் போன் செய்து கன்னிமூலையைப் பற்றிக் கேட்பார். "அத்தான், நான் பட்டவன். எங்கக்கா வீட்டுல அது வேண்டாம்" என்பார். காய்ச்சலுக்கும் குழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வராது.

மேஸ்திரிக்கு வேறு கவலை. கழிவறைகள் வீட்டின் பின்பக்கம், நிலம் தாழ்கிற பக்கம். குழியோ முன்பக்க மேட்டில். டியூபில் தண்ணீரை நிரப்பி மட்டம் பார்த்தோம். ஒரு முனையை மனைவி பின்பக்கம் கழிவறைக்கு அடித்திருந்த குச்சியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை மேஸ்திரி வடமேற்கு மூலையில் பிடித்தார்.

"மைனி, தூக்காதீய! தண்ணி துள்ளுது."

"நான் தூக்கல. நீங்கதான் அங்க இறக்குதீய."

"டியூபுல குமிழு நிக்குது பாருங்க."

"டியூபு யாரு கடையில வாங்கினது?" என்று என்னைப் பார்த்தாள்.

குமிழைத் தட்டி விரட்டிவிட்டு மறுபடி பார்த்ததில், கழிவறைக் குழாய் மலையேறிப் போக வேண்டும் என்று தெரிந்தது. "வெள்ளத்துக்கு வாஸ்து தெரியாதே அண்ணாச்சி. அது பாட்டுக்குக் கீழதான் போவும்" என்றார் மேஸ்திரி. அந்தக் குழி வேண்டுமானால் வீட்டின் அடித்தளத்தையே இடுப்பளவு உயர்த்தியாக வேண்டும். உயர்த்தினால் மண் போட்டு நிரப்ப வேண்டும், மண்ணைத் தாங்கக் கருங்கல் கட்டு வேண்டும். சரி, உயர்த்துங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். இதை எப்படித் தாங்குவது என்று நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான், மேஸ்திரி கையில் சுண்ணாம்புப் பொடியோடு வடமேற்கு மூலையில் வட்டம் போட ஆரம்பித்தார்.

சேச்சி அப்போது கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கப்பிச் சத்தம் நின்றது. வாளியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு எல்லைக்கல் பக்கம் வந்தார்.

"அண்ணா, குழி இவிடெயாணோ?"

இங்கேதானா என்று கேட்டார், அவ்வளவுதான். கோபம் இல்லை. நான் வட்டத்தைப் பார்த்தேன், கிணற்றைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துப் புரண்டால் சரியாக இருக்கும். நிலம் வேறு அந்தப் பக்கமாகவே சரிகிறது.

"இன்னும் தீர்மானிக்கலை சேச்சி" என்றேன். மேஸ்திரி கையில் சுண்ணாம்போடு நிற்கும்போது இதை யார் நம்புவார்கள்?

சேச்சி என் மனைவியைப் பார்த்தார். மனைவி டியூபைச் சுருட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள். சேச்சி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு மாட்டிடம் ஏதோ சொன்னார். எங்களிடம் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொன்னாரோ என்னவோ.

"பஞ்சாயத்துக்குக் குடுக்குத ப்ளான்ல தள்ளிக் காட்டிரலாம் அண்ணாச்சி. கிணறு பக்கத்துல இருக்குன்னு அதுல வரையவே இல்லையே" என்று மேஸ்திரி காதோடு சொன்னார்.

"ப்ளான்ல தள்ளினா ஆச்சா? மண்ணுல தள்ளணுமே."

"மண்ணுல எங்க தள்ள? ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் உங்க மச்சான்."

மனைவியே சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே காணாமல் போயிற்று.

கடையில் குழாய் வாங்க வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். பயோ தொட்டி வையுங்கள் என்றார் ஒருவர். அதை விற்பதே நான்தான். தொட்டி என்னதான் சுத்தம் செய்தாலும் வெளியே வருகிற தண்ணீர் எங்காவது மண்ணில் இறங்கியாக வேண்டும், அதற்கும் பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழி வேண்டும், குழிக்கும் ஒரு மூலை வேண்டும். தென்கிழக்கில் வையுங்கள் என்றார் ஒருவர். அது அக்னி மூலை, அங்கே சமையலறை. "அவங்க கிணத்துக்கு ஒரு ஃபில்டர் வாங்கிக் குடுத்துருங்க சார்" என்றார் ஒரு என்ஜினியர் பையன், நிஜமாகவே உதவி செய்கிற முகத்தோடு. மாடு குடிக்கிற தண்ணீருக்கும் ஃபில்டரா என்று கேட்டேன். இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எப்போதும் இதையெல்லாம் ரசிப்பவன் நான். அந்த மாதங்களில் ஒன்றும் ருசிக்கவில்லை.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஏட்டி, அந்த அம்மாவுக்கு அந்தக் கிணறுதானே எல்லாம்?"

"எனக்குத் தெரியாதா?"

"அப்ப..."

"அப்ப என்ன? கன்னிமூலையில வைக்கச் சொல்லுதீயளா? வச்சிட்டு நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்ட போயி அழுவேன்? எந்தம்பி இன்னைக்கும் ராத்திரி வெளக்கப் போட்டுட்டுத்தான் படுக்கான்."

அவளுக்குப் பயம் தனக்காக இல்லை, எனக்காக. அது தெரிந்த பிறகு வாதாடுவது எப்படி? சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அதற்குள் ஐப்பசி பிறந்து துலா மழை பிடித்துக்கொண்டது. மதியம் வரை வெயில், அதன் பிறகு மலைப்பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டும். கடைக்காலுக்குத் தோண்டும் பள்ளத்தை எங்கள் பக்கம் வானம் என்பார்கள். தோண்டி வைத்த வானமெல்லாம் செம்மண் குழம்பாக நிறைந்து நின்றது. மோட்டார் வைத்து இறைப்பார்கள், மறுநாள் மறுபடி நிறையும். ஒரு பக்கம் கரை இடிந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு லீவு, அந்த ஒரு நாளும் பஸ், சேறு, மேஸ்திரியின் சமாதானம், மறுபடி பஸ். முழங்கால் வீங்கிக் கிடந்தது. இந்த வீட்டில் குடியேறி என்ன செய்யப் போகிறோம், நடக்கத் தெம்பு இருக்குமா என்றுகூட நினைத்தேன். விற்றுவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "குழி தோண்டத் தெரியாம வித்துட்டான்னு ஊரு சிரிக்கும்" என்றாள். நியாயம்தான். அதுவும் குழாய்க் கடைக்காரன்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்களுக்குப் பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட வேண்டும் என்று மனைவி பாத்திரத்தோடு சேச்சி கிணற்றுக்குப் போனாள். எப்போதும் சேச்சியே இறைத்துக் கொடுப்பார். அன்று அவர் கையில் ரப்பர் கத்தி வெட்டி, துணி சுற்றியிருந்தது. இவளே கயிற்றைப் பிடித்தாள். நான் சிமெண்ட் மூட்டை வைக்கிற ஷெட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்து கிணறு மேலேறி இருந்தது. குனிந்தாலே தண்ணீர் தெரியும். அவள் வாளியைச் சடக்கென்று விடவில்லை, மெதுவாக இறக்கினாள். மேலே வந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். அப்புறம் இன்னொரு கை. சேச்சி பக்கத்தில் நின்று ஏதோ கேட்டார், இவள் தலையாட்டினாள். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, என்ன பேசினார்கள் என்று அவளும் சொல்லவில்லை.

பாத்திரத்தோடு திரும்பி வந்தவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. வடகிழக்கு மூலைக்குப் போய், அந்த வளைகுடாக்காரர் மதிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், காதில் வைத்தால் சரியாகக் கேட்காது என்பாள். அதனால் மேஸ்திரி உட்பட எல்லோருமே கேட்டோம்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். அடுத்தவன் எல்லைக்குள்ள இருக்குத குழி நமக்குத் தோஷமா?"

"அது எப்படிக்கா? அவன் எல்லை அவனுக்கு. நம்ம மதிலுக்குள்ள இருக்குததுதான் நமக்கு."

"சரி. அப்ப நம்ம மதிலையே உள்ள தள்ளிக் கட்டிட்டா?"

"எப்படி?"

"கன்னிமூலைப் பக்கம் கொஞ்சம் இடத்த விட்டுட்டு இங்கிட்டு ஒரு மதிலு. அந்த மூலை நமக்கு வெளிய. நம்ம எல்லை மதிலோட முடிஞ்சுது. குழி அந்தப் பக்கம்."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு மைத்துனர் குரல் வந்தது.

"அப்படிச் செய்தவங்க உண்டுக்கா. பேருக்கு நாலு கல்ல வச்சா பத்தாது. நெசமான மதிலா இருக்கணும்."

"நெசமாவே கட்டுதேன்."

"குழாய் மதிலுக்கு அடியில போலாம். அதுக்குக் குத்தமில்ல."

"சரிடா."

"அக்கா... அன்னைக்கு எனக்கு இதை ஒருத்தரும் சொல்லலையே."

மனைவி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு ரப்பர் மரங்கள் பக்கமாக நடந்து போனாள். வெகு நேரம் அங்கேயே நின்று பேசினாள். மேஸ்திரி வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சாயா நானே போட்டேன்.

முடிவு எடுப்பதுதான் கஷ்டம், எடுத்தபிறகு எல்லாம் சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. உள்மதில் வருவதால் வீடு வடகிழக்காக நகர வேண்டும். நகர்ந்தால் தோண்டிய வானத்தில் பாதியை மூட வேண்டும், மூடிய இடத்தில் மண்ணை இடித்து இறுக்க வேண்டும், வேறு பாதியைப் புதிதாகத் தோண்ட வேண்டும். "தோண்டினதுக்கும் கூலி, மூடினதுக்கும் கூலி, இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. புதிதாகத் தோண்டிய இடத்தில் பாறை தட்டியதும் அவருக்கும் பிடிக்காமல் போயிற்று. பின்பக்கப் படுக்கையறை சுருங்கி, கட்டில் போட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்கலாம் என்றாயிற்று. துணி துவைக்கும் கல்லுக்கும் முருங்கைக்கும் என்று மனைவி மனதில் வைத்திருந்த இடம் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒன்று மட்டும் லாபம். குழி தாழ்ந்த பக்கம் வந்ததால் அடித்தளத்தை இடுப்பளவு உயர்த்த வேண்டாம். அதையும் லாபம் என்று சந்தோஷப்படும் தெம்பு யாருக்கும் இல்லை.

வெட்டுக்கல்லில் உள்மதில் எழும்பியது. சொந்த இடத்துக்கு நடுவே மதில் கட்டுகிறவர்களை அந்த ஊர் பார்த்ததில்லை போலும், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். சேச்சியும் பால் கொடுத்துவிட்டு வரும் வழியில் நின்றார்.

"பாகம் வச்சோ சேச்சி? ஆருடெ கூட?"

பாகம் பிரித்தீர்களா, யாரோடு என்று கேட்கிறார்.

"அந்த மூலையோடதான் சேச்சி. ஒத்து வரல, தனியாப் போகச் சொல்லிட்டோம்" என்றாள் மனைவி.

சேச்சி மதிலைப் பார்த்தார். அதற்கு அப்பால், தெற்குக் கோடியில், ரப்பர் ஓரமாகத் தோண்டிக்கொண்டிருந்த குழியைப் பார்த்தார். அங்கிருந்து தம் கிணறு வரை கண்ணாலேயே அளந்தார். தூக்குப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போனார். அவர் நன்றி என்று ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும். நாங்கள் அவருக்கு ஒன்றும் கொடுத்துவிடவில்லை. அவருடையதைக் கெடுக்காமல் விட்டோம், அவ்வளவுதானே.

குழிக்குள் சிமெண்ட் உறைகளைக் கயிறு கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். சுற்றிலும் சல்லி போட்டு நிரப்பினார்கள். கழிவறை வரப்போகும் இடத்திலிருந்து மதிலுக்கு அடியில் நுழைந்து குழாய் போயிற்று. குழாய் எங்கள் கடையுடையதுதான், நானே பஸ் டாப்பில் கட்டிக் கொண்டு வந்தது. மூடும் முன்னால் ஓட்டம் பார்க்க வேண்டும். மேஸ்திரி இந்தப் பக்கம் ஒரு வாளித் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்ற, நான் மதிலைச் சுற்றிப் போய்க் குழிக்கரையில் குந்தி உட்கார்ந்தேன். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும் என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உள்மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வருதா?"

"இன்னும் வரல."

"வந்துட்டா?"

குழாய் வாயில் முதலில் ஒரு சிவப்புக் கலங்கல், பிறகு தண்ணீர், விட்டு விட்டு விழுந்தது. உறையின் அடிவரை போய் சல்லிக்குள் இறங்கி மறைந்தது.

"வந்துட்டு. நல்லாப் போகுது."

"முழுசும் போகட்டும். அவசரப்படாதீய."

"நீ வந்து பாரேன்."

"நான் எதுக்கு அங்க வாறேன்? அது நம்ம இடமில்லையே."

"பட்டா நம்ம பேருலதானே இருக்கு?"

"பட்டா இருக்கட்டும். குழி நெறைஞ்சா மூடியத் தொறக்க நீங்க போங்க, லாரிக்காரனக் கூட்டிட்டு நீங்க போங்க. அந்தப் பக்கம் நான் கால் வைக்க மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்."

மேஸ்திரி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மனைவி நின்ற பக்கம் போகச் சுற்றுவழிதான். உள்மதிலில் வாசல் வைக்கவில்லை, வைக்கக் கூடாதாம். ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி, சேச்சி தொழுவத்துக்குப் பின்னால் ஏறி, ரோடு வழியாக வந்து சேர்ந்தேன். அதற்குள் மழை பிடித்துவிட்டது. மனைவி குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, புதிதாகத் தோண்டிய வானத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் வைத்து இறைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.